காலை எடுங்கள், கல்லைப் போடுங்கள்

கோலாலம்பூரில் மீன் ஸ்பா நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்தால் ஊர் சுற்றிக் காட்ட நம்மிடம் ஒரு வரிசை இருக்கிறது. பத்துமலை, இரட்டைக் கோபுரம், மஸ்ஜித் இந்தியாவில் சேலை, இரவுக்குப் புக்கிட் பிந்தாங். அந்த வரிசைக்கு நடுவில் எங்கேயாவது, காலை விட்டால் சிறு மீன்கள் மொய்த்துத் தோலைச் சுரண்டும் உங்கள் தொட்டியும் வந்துவிடுகிறது. நடந்து களைத்த கால், குளிர்சாதனக் காற்று, கொஞ்ச நேரக் கூச்சம், ஊருக்கு அனுப்ப ஒரு வீடியோ. கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. கூட்டத்தின் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவன். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும் உயிரைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அந்த மீன் ஆற்றுப் பாறையில் பாசி சுரண்டிப் பிழைக்கப் பிறந்தது. மனிதத் தோல் அதன் உணவு இல்லை. அது காலைத் தேடி மொய்க்கிறதென்றால் பசியால் மொய்க்கிறது. உங்களில் எல்லோரும் வேண்டுமென்றே பட்டினி போடுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெறும் கண்ணாடியும் காற்றுக் குழாயும் மட்டும் உள்ள தொட்டியில் பாசி தின்னும் மீனை விட்டாலே போதும், பட்டினி தானாகத் தொடங்கிவிடும். உங்கள் தொழிலோ அந்தப் பட்டினி முடியாமல் இருந்தால்தான் நடக்கிறது. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

மீனைக் கொஞ்சம் அறிமுகப்படுத்துகிறேன். தினமும் பார்க்கிறீர்கள், ஆனால் மேலிருந்து, அதுவும் நூற்றுக்கணக்கில் ஒன்றாகப் பார்க்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் எந்த மீனும் முகம் காட்டாது.

இதன் அறிவியல் பெயர் கர்ரா ரூஃபா. 1843இல் வியன்னாவைச் சேர்ந்த மீனியலாளர் யோஹான் யாகோப் ஹெக்கெல் இதற்குப் பெயரிட்டார். தியோடோர் கோட்ஷி என்ற தாவரவியலாளர் சிரியாவின் அலெப்போ பக்கத்திலிருந்து கொண்டுவந்த மீன்களை வைத்து அவர் எழுதினார். தைகிரிஸ், யூப்ரடீஸ் ஆகிய இரண்டு பேராறுகளும் அவற்றின் கிளைகளும் பக்கத்து ஆறுகள் சிலவும் இதன் சொந்த ஊர். துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் என்று இன்றைய எல்லைக்கோடுகள் அந்த ஊரின் மேல் விழுந்திருக்கின்றன. கெண்டைக் குடும்பம். நம் ஊர் வங்காளதேசத்தவர் கடைகளில் உறைய வைத்து விற்கிறார்களே ரோகு, அதற்கு நெருங்கிய உறவு. உருவத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ரோகு கூடையை நிறைக்கும். இது வளர்ந்தாலும் கையளவுதான். உங்கள் தொட்டிகளில் நீந்துபவை பெரும்பாலும் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள்.

கர்ரா என்ற இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் தொடங்கி, அரேபியா வழியாக, இந்தியா கடந்து, தென்சீனம் வரைக்கும் பரவியிருக்கின்றன. கல்லும் ஓட்டமும் உள்ள ஆறு கிடைத்தால் இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் அங்கே குடியிருப்பார். ஓமானில் அல் ஹூத்தா குகைக்குள் ஒரு கர்ரா கண் இல்லாமல் வாழ்கிறது. ஈரானில் ஸாக்ரோஸ் மலைக்கு அடியில் நிலத்தடி நீரிலேயே காலம் தள்ளும் இன்னொரு குருட்டு இனம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டு மலை ஓடைகளில் ஒன்று இருக்கிறது. 1993இல் அதற்குக் களக்காட்டின் பெயரையே சூட்டினார்கள். நம் தீபகற்ப மலேசியாவின் மலை ஆறுகளிலும் கர்ரா கம்போட்ஜியென்சிஸ் வாழ்கிறது. ஆக, துருக்கிக்காரனின் சொந்தக்காரன் நம் நாட்டிலேயே பாறைக்கடியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

இனி வாய். இந்த மீனின் கதையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வாய் முகத்தின் முன்னால் இல்லை. தலைக்கு அடியில், வயிற்றுப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. கீழுதடு அகன்று, நடுவில் மெத்தென்ற திண்டும் சுற்றிலும் நுண்ணிய புடைப்புகள் நிறைந்த விளிம்பும் கொண்ட வட்டமாக மாறியிருக்கிறது. அதை வைத்துத்தான் கல்லைப் பற்றுகிறது. மேலுதட்டு விளிம்பு குஞ்சம் குஞ்சமாகக் கிழிந்திருக்கும். இரண்டு சோடி மீசை. தாடையில் பல் கிடையாது, கெண்டைக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது; பல் தொண்டைக்குள் இருக்கிறது. அப்படியானால் சுரண்டுவது எதை வைத்து? கீழ்த்தாடையின் ஓரம் கொம்புப் பொருளால் ஆன கூர்விளிம்பு. தோசைக்கல்லில் ஒட்டியதைத் திருப்பியால் வழித்தெடுப்பது போல, அந்த விளிம்பால் பாறையில் படிந்ததை வழித்து உள்ளே தள்ளுகிறது. உங்கள் வாடிக்கையாளர் காலில் உணரும் குறுகுறுப்பு இந்தத் தாடை ஓரம்தான். கடி என்று அதைச் சொல்வது மிகை.

உடம்பும் இதே வேலைக்காகச் செதுக்கப்பட்டது. அடிவயிறு தட்டை, மார்புத் துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். வேகமான நீரோட்டத்தில் மற்ற மீன்கள் ஒதுங்கி நிழல் தேடும்போது இது பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மேயும். வெளியே ஆறு பாய்ந்துகொண்டிருக்கும். கல்லுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும் நீர் மெதுவாக நகரும். இந்த மீன் குடியிருப்பது அந்த அடுக்கில்.

அது வழித்தெடுக்கும் படலத்தில் என்ன இருக்கிறது? ஆற்றில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அதுதான். பாசி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உள்ளே ஓர் ஊரே இருக்கிறது. மணல்சத்தால் ஆன ஓட்டுக்குள் வாழும் டயட்டம் என்ற பழுப்பு நுண்பாசி, பச்சைப்பாசி, நீலப்பச்சை நுண்ணுயிர்கள், அவற்றைப் பிணைக்கும் பிசின், பிசினில் சிக்கிய மட்கு, அதை மேயும் ரோட்டிஃபர் போன்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். துருக்கியின் அசி ஆற்றுப் படுகையில் இந்த மீன்களின் குடலை ஆய்ந்தவர்கள் கண்டதும் இந்தப் படலத்தின் உயிர்களைத்தான். குடல் நீளமானது, சுருள் சுருளாக வயிற்றுக்குள் அடைந்திருக்கும். சத்துக் குறைந்த உணவைத் தின்பவனுக்கு அந்த நீளம் வேண்டும். நேரமும் வேண்டும். இறைச்சி தின்னும் மீன் ஒருவேளை விழுங்கிவிட்டு நாள்முழுக்கச் சும்மா கிடக்கலாம். மேயும் மீனுக்கு அது கட்டுப்படியாகாது. வெளிச்சம் இருக்கும்வரை வாய் ஓயாமல் வேலை செய்தால்தான் கணக்கு நேராகும்.

இந்த உயிரை வழவழத்த தொட்டியில் விட்டு, வெள்ளை விளக்கைப் போட்டு, தண்ணீரைப் பளிங்காக வடிகட்டி வைக்கிறோம். மனிதக் கண்ணுக்குச் சுத்தம். மீனுக்கு அது அடுப்பெரியாத வீடு.

கங்கால் கதையை நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். எல்லா மீன் ஸ்பா விளம்பரமும் அங்கேதான் போய் நிற்கும். துருக்கியின் சிவாஸ் மாநிலத்தில், கங்கால் அருகே ஒரு வெந்நீர் ஊற்று. ஆட்டிடையன் ஒருவனின் கால்புண் அந்த நீரில் ஆறியதாகக் கதை. இன்றும் சொரியாசிஸ் என்ற தோல்நோய் உள்ளவர்கள் அங்கே போய்த் தங்கிக் குளிக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் கங்காலில் மீன் ஏன் தோலுக்கு வருகிறது என்று கேட்டால் விளம்பரம் வாய் மூடிக்கொள்ளும். ஊற்று நீர் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் மீனுக்கான இரை சரியாக வளர்வதில்லை. ஆற்றில் வயிறு நிறைய மேய்ந்திருக்க வேண்டிய மீன், அங்கே கிடைத்ததைத் தின்கிறது. குளிக்க வந்தவரின் உரிந்த தோலும் அதில் ஒன்று. பசி ருசி அறியாது என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அந்த ஊற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே பசியை உண்டாக்கியது இயற்கை. நகரத்துத் தொட்டியில் அதை நாம் உண்டாக்குகிறோம்.

அந்த மீன்களை வணிகத்துக்காக வாரிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற கவலையில் துருக்கி அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. உலகம் முழுக்க ஸ்பாக்களுக்குப் போகும் மீன்களில் பல ஆசியப் பண்ணைகளில் பெருக்கியவை. எனவே உங்கள் பலகையில் துருக்கி மலையின் படத்தைப் போடுவது கொஞ்சம் அதிகம்தான்.

மருத்துவக் குணம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மீனின் எச்சிலில் டித்ரனால் என்ற நொதி இருப்பதாகவும் அது தோலைக் குணப்படுத்துவதாகவும் உலகெங்கும் ஸ்பா விளம்பரங்களில் ஒரு வாசகம் சுற்றுகிறது. டித்ரனால் நொதியே அல்ல. அது 1916இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மருந்து, சொரியாசிஸுக்குத் தடவுவார்கள். மீன்களுக்கோ நமக்கிருப்பது மாதிரி உமிழ்நீர்ச் சுரப்பியே கிடையாது. இல்லாத சுரப்பியிலிருந்து இல்லாத நொதி வடிகிறது! இதை என் மாணவன் தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்.

ஆய்வே இல்லையா என்றால் இருக்கிறது. ஆஸ்திரியாவில் 67 சொரியாசிஸ் நோயாளிகளுக்கு மூன்று வாரம் இந்த மீன் சிகிச்சை கொடுத்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். நோயின் கடுமை சராசரியாக 71.7 விழுக்காடு குறைந்தது என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதே நோயாளிகளுக்குக் கூடவே புறஊதாக் கதிரும் கொடுத்தார்கள், புறஊதாக் கதிரோ சொரியாசிஸுக்கு ஏற்கெனவே தெரிந்த வைத்தியம். மீன் எவ்வளவு, கதிர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வு போதாது. எப்படியானாலும் மருத்துவர் பார்வையில் வாரக்கணக்கில் நடந்த ஒன்றைக் காட்டி, பேரங்காடி மாடியில் நடக்கும் சில நிமிட விளையாட்டுக்கு மருத்துவ முத்திரை குத்த முடியாது.

தொற்று விஷயம். இதைப் பெரிதாக்கிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. 2011இல் பிரிட்டனில் இந்த மீன்களிடையே நோய் பரவியது. இந்தோனேசியாவிலிருந்து போன ஒரு தொகுதியில் சுமார் 6,000 மீன்கள். செவுளிலும் வாயிலும் வயிற்றிலும் இரத்தக் கசிவு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற நுண்ணுயிர் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய மீன் பெட்டிகளைச் சோதித்தபோது மனிதருக்கும் நோய் தரக்கூடிய வேறு பல நுண்ணுயிர்களும் இருந்தன, சில பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. அதே ஆண்டு அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள், ஆரோக்கியமானவருக்கு ஆபத்து குறைவுதான் என்றும், நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் ஒதுங்கியிருப்பது நல்லது என்றும் அறிவுரை சொன்னார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஒரேயடியாகத் தடுத்துவிட்டன. காரணம் எளிமையானது: அழகு நிலையக் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போடலாம், மருந்தில் ஊற வைக்கலாம். உயிருள்ள மீனை அப்படிச் செய்ய முடியாது. ஒருவர் காலைத் தொட்ட வாய் அடுத்தவர் காலுக்கு அப்படியே போகிறது.

அவர்கள் நீரிழிவைக் குறிப்பாகச் சொன்னதை நம் ஊர்க் கண்ணோடு படிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியர்களிடையே நிலைமை மோசமென்பது எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் தெரியும். பாதிப் பேர் மாத்திரை டப்பாவோடுதான் உட்காருகிறோம். கால் மரத்துப்போன ஒரு பெரியவர் தம் குதிகாலில் வெடிப்பு இருப்பதே தெரியாமல் தொட்டியில் காலை விடுவார். பேரப்பிள்ளை சிரிக்கிறதே என்று தாமும் சிரிப்பார். உங்கள் பலகையில் சிறிய ஆங்கில எழுத்தில் எச்சரிக்கை இருந்தால் அவர் படிக்கப்போவதில்லை. பெரிதாக எழுதுங்கள். மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதுங்கள். வாசலில் நிற்கும் பணியாளர் வாய்திறந்து ஒரு கேள்வி கேட்டால் இன்னும் நல்லது: "ஐயா, இனிப்பு நீர் உண்டா?"

சின்சின் என்ற பெயரில் ஒரு மாற்று மீனும் இந்தத் தொழிலில் புழங்குகிறது. கர்ரா என்று சொல்லி இதை விற்றுவிடுவதும் நடப்பதுண்டு. பெரும்பாலும் திலாப்பியாக் குஞ்சுதான். திலாப்பியாவுக்குத் தாடையில் பல் முளைக்கும், இரத்தமும் வரவைக்கும். கண்டுபிடிப்பது கடினமில்லை. முதுகுத் துடுப்பு நீளமாக, முட்களோடு நிமிர்ந்திருந்தால், வாய் முகத்தின் முன்னால் இருந்தால், அது கர்ரா இல்லை. நீங்கள் வாங்கிய மீனை ஒருமுறை கண்ணாடிச் சாடியில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். உதட்டு வட்டம் தெரியாவிட்டால் விற்றவரிடம் கேள்வி கேளுங்கள்.

சரி, சாப்பாடு போட்டுத்தான் வளர்க்கிறோம் என்று உங்களில் சிலர் சொல்லலாம். இருக்கலாம். என் வீட்டுத் தொட்டியில் பாண்டா கர்ரா என்று கடையில் விற்கும் மியன்மார் இனம் இருக்கிறது. கருப்பும் மஞ்சளும் பட்டைபட்டையாக, உங்கள் மீனைவிட அழகு (வளர்த்தவன் சொல்கிறேன், தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்). தொட்டியைச் சுத்தம் செய்யக் கையை விட்டால் அவையும் வந்து விரலைத் தொட்டுப் பார்க்கும். ஆர்வம் அவற்றின் குணம். புதிதாக எது தண்ணீரில் விழுந்தாலும் மேய்ந்து பார்க்கும். ஆனால் வயிறு நிறைந்த மீன் ஒன்றிரண்டு முறை தொட்டுவிட்டுக் கல்லுக்கே திரும்பிவிடும். கையை அரைமணி நேரம் வைத்திருந்தாலும் கூட்டமாக வந்து மொய்க்காது. நூறு மீன்கள் ஒரே நொடியில் ஒரு குதிகாலை மூடுவதைக் காட்டித்தான் நீங்கள் ஆள் கூப்பிடுகிறீர்கள். அந்தக் காட்சிக்கு விலை கொடுப்பது மீன். நன்றாகத் தின்னக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் தொட்டியிலும் மொய்ப்பது குறையும். அப்படிக் குறைவது உங்களுக்கு நட்டமென்றால், அந்த வரவு இதுவரை எதிலிருந்து வந்தது என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வயிற்றில் அடிப்பது என் நோக்கமில்லை. வாடகை என்ன, மின்கட்டணம் என்ன என்று ஓரளவு தெரியும். அதனால் வெறுமனே கடையை மூடுங்கள் என்று எழுதிவிட்டுப் போகாமல் ஒரு மாற்றுச் சொல்கிறேன். அதே மீன், அதே இடம், காலுக்குப் பதில் கண்.

கேஎல்சிசி மீன்காட்சியகத்தில் சுறாவைப் பார்க்கக் குடும்பத்தோடு காசு கொடுத்து உள்ளே போகிறார்கள். சுறா அங்கே பெரும்பாலும் சும்மாதான் நீந்துகிறது. இந்தச் சிறு மீனோ காலையிலிருந்து மாலைவரை வேலை செய்கிறது. பார்க்க வேண்டிய இடம் கீழே. நீளமான, ஆழமில்லாத கண்ணாடித் தொட்டி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மோட்டார் வைத்து வேகமான ஓட்டம். கண்ணாடிச் சுவரிலேயே பாசி படர விடுங்கள். மீன் கண்ணாடியில் ஒட்டி மேயும்போது உதட்டு வட்டமும் தாடை அசைவும் ஒரு சாண் தூரத்தில் தெரியும். பூதக்கண்ணாடி ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். அது மேய்ந்துபோன பாதை பச்சைக் கண்ணாடியில் வளைவு வளைவாகத் தெளிந்திருக்கும். குழந்தைகள் அதைப் பின்தொடர்ந்து விரலால் வரைவார்கள். பள்ளிகள் வரும். தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பேருந்து பிடித்து அழைத்துவர என் பழைய சகாக்களே தயாராக இருப்பார்கள். நம் தீபகற்பத்துக் கர்ராவையும், முறையாக வாங்க முடிந்தால், பக்கத்துத் தொட்டியில் வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு வரிக்குதிரையும் பனிக்கரடியும் தெரியும். மலை ஓடையில் காலடியில் வாழ்வது தெரியாது.

பாசி வளர்ப்பது கடினம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் பாசி வளராமல் தடுப்பதுதான் கடினம். வழவழப்பான ஆற்றுக்கூழாங்கற்களைத் தோட்டப் பொருள் கடையில் வாங்குங்கள். ஆற்றிலிருந்து அள்ளாதீர்கள், அங்கே இருக்கும் மீனுக்கு அது தட்டு. அகலமான தொட்டியில் கற்களைப் பரப்பி, மீன் தொட்டியில் மாற்றிய பழைய தண்ணீரையே ஊற்றி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். முதலில் பழுப்பாகப் படியும், பிறகு பச்சை ஏறும். இரண்டு மூன்று தொகுதியாகக் கற்களைப் பிரித்துவைத்துக்கொண்டால், ஒன்று மேயப்படும்போது மற்றது வளரும். கொசு முட்டையிடாமல் வலை போட மறக்காதீர்கள், டெங்கிக்கு அபராதம் கட்ட நேரும். கல் போதாத நாட்களில் ஸ்பைருலினா வில்லை, வெந்நீரில் வதக்கிய வெள்ளரி, கீரை. இதில் எதுவும் உங்கள் மாத வாடகையை அசைக்கும் செலவில்லை.

கடைசியாக ஒன்று, இது வேண்டுகோள்கூட இல்லை, கெஞ்சல். கடையை மூடினாலும் மாற்றினாலும் மீனைக் கோம்பாக் ஆற்றிலோ கிள்ளான் ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இதை அளந்துகூடப் போட வேண்டாம். ஒருகாலத்தில் தொட்டி கழுவட்டும் என்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த பண்டாராயா மீன் இன்று கிள்ளான் ஆற்றில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதுவும் பாசி சுரண்டும் மீன்தான். சின்னதாக வாங்கினார்கள், முழங்கை நீளம் வளர்ந்ததும் ஆற்றில் விட்டார்கள், இப்போது தன்னார்வலர்கள் விடுமுறை நாட்களில் வலையோடு இறங்கி மூட்டை மூட்டையாக வெளியே எடுக்கிறார்கள். உங்கள் மீன் நம் ஆற்றில் பிழைக்குமா என்ற கேள்விக்கு ஆற்றை வைத்துச் சோதனை செய்யத் தேவையில்லை. அதன் உடம்போடு என்ன நோய் போகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வேண்டாத மீனை மீன் வளர்ப்பவர்களிடம் கொடுங்கள். எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. நானும் சிலவற்றை வாங்கிக்கொள்வேன்.

கல்லை உள்ளே வைத்ததும் மீன் உடனே பாயும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோலுக்குப் பழகிய மீன் முதல் சில நாட்கள் தண்ணீருக்கு மேல் நிழல் விழுந்தாலே ஓடிவந்து காலைத் தேடும். அந்த நாட்களில் தொட்டியை மூடி வையுங்கள், விளக்கைக் குறையுங்கள், ஓட்டத்தைக் கூட்டுங்கள், தண்ணீரில் காற்று நிறைய கலக்கட்டும். மெலிந்து வயிறு உள்வாங்கிய மீன்களைத் தனியே பிரித்து, வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்குப் பலமுறை கொடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் கெடும். எந்த மோட்டார், எவ்வளவு ஓட்டம், எந்தக் கடையில் கல் என்று கேட்க நினைப்பவர்கள் இந்த மடலுக்குக் கீழேயே கேளுங்கள். செந்தூலிலிருந்து நடந்துவரும் தூரத்தில் உங்கள் கடை இருந்தால் நேரிலேயே வந்து தொட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்
செந்தூல், கோலாலம்பூர்